மகாராணி வாய் திறந்தாள்

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். என் மூட்டு வலியும் சுகமாக இருக்கிறது, என்னை விட்டுப் போவதாக இல்லை. கப்பல் சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

வரிகள் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கக் கூப்பிடுகிறார், நான்தான் தட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறேன். கை பழக்கத்தில் எழுதிவிடுகிறது, படிப்பதுதான் பெரும்பாடு. உங்கள் கடல்நீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ள நீங்கள் எழுதிவைத்துவிட்டுப் போன நாலு பக்கமும் எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரிகிறது. உங்கள் வீட்டுக்காரியைப் படித்துக் காட்டச் சொன்னேன். "அந்த நாலு பக்கத்துல எம்பேரு எங்கயாவது இருக்காம்மா? இல்லல்ல? அப்ப நான் எதுக்குப் படிக்கணும்?" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் தேய்க்கப் போய்விட்டாள்.

அவள் கோபம் நியாயம்தான். கப்பல் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் வந்து சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? நான் பெற்றவள் என்பதால் சொல்லவில்லை.

போகட்டும். தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய உப்புத் தண்ணீர் கலக்கி ஊற்றி வருகிறேன். உப்புத் தொட்டிக்கு உப்புத் தண்ணீர்தானே? ஆனாலும் பாறைமேல் பூ மாதிரி விரிந்து உட்கார்ந்திருக்கும் அந்தச் சிவப்புப் பிராணி, கடல் சாமந்தி, நீங்கள் மகாராணி என்று கூப்பிடுவீர்களே, அவள் ஒரு வாரமாகச் சுருங்கிப்போய்க் கிடக்கிறாளாம். பக்கத்திலிருக்கும் பச்சைச் சாமந்தி ஜமீன்தாரும் அப்படியே. எனக்குப் பயமாக இருக்கிறது. உடனே பதில் போடுங்கள். எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள்.

ஆசிகளுடன்,
அத்தை

மார்ச் 19

அன்பும் மரியாதையும் உள்ள அத்தைக்கு,

நான் நலமாக இருக்கிறேன். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. உங்கள் கண்ணை நினைத்துத்தான் கவலை. எழுத்து போதுமான அளவு பெரிதாக இருக்கிறதா?

அத்தை, தயவுசெய்து உப்புத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நீங்கள் மேலும் மேலும் உப்பு சேர்த்திருக்கிறீர்கள். வடிகட்டின வெறும் தண்ணீரைக் காலையில் ஒரு கோப்பை, மாலையில் ஒரு கோப்பை என்று மெதுவாக ஊற்றி வாருங்கள். அவசரப்பட்டால் அதுவும் ஆபத்து.

உலகத்தார் பேசிக்கொள்ளக் கடலுக்கடியில் கேபிள் போடுகிற கப்பல் இது. நான் இதற்கு மின்சார வேலைக்காரன். ஆனால் நான் போன் பண்ணினால் என் வீட்டில் எடுப்பதில்லை. உங்களோடு போனில் பேசலாமென்றால் நீங்கள் பேசுவது தெருவுக்கே கேட்கும், அவள் பக்கத்து அறையில் இருப்பாள். சாமான் கொண்டுவரும் படகில் தபால் போவது நல்லதாகப் போயிற்று.

அவளுக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

பணிவுடன்,
மாப்பிள்ளை

ஏப்ரல் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து தலைப்புச் செய்தி மாதிரி ஜோராக இருந்தது. நானே படித்துவிட்டேன். சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா?

மகாராணி பிழைத்துக்கொண்டாள். அப்பாடா! வெறும் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்ததும் மெல்ல மெல்ல விரிந்துவிட்டாள். இறால் துண்டைக் குறட்டில் பிடித்து நீட்டினால் வெடுக்கென்று வாங்கிக்கொள்கிறாள். பூ மாதிரி உட்கார்ந்துகொண்டு இந்த இழுப்பு இழுக்கிறாளே என்று ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

புதிதாக ஒரு தலைவலி. பாறையிலும் கண்ணாடியிலும் தவிடு சிந்தின மாதிரி என்னவோ ஒட்டியிருக்கிறது. விரலால் தடவினால் கொழகொழக்கிறது, துடைத்தால் போகவில்லை. மீன்கடைக்காரரிடம் கேட்டேன். "அம்மா, அது களைச் சாமந்தி. விட்டீங்கன்னா தொட்டி முழுக்கப் பரவி மத்ததெல்லாம் காலி பண்ணிடும்" என்று பயமுறுத்துகிறார். என்ன செய்யட்டும்?

உங்கள் விசாரிப்பைச் சொன்னேன். "ம்" என்றாள். ஒரே ஒரு "ம்". நானும் கூட்டிக் குறைக்காமல் எழுதிவிட்டேன்.

ஆசிகளுடன்,
அத்தை

ஏப்ரல் 20

மரியாதைக்குரிய அத்தைக்கு,

மூட்டு வலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? ஆபரேஷனை இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

கடைக்காரர் சொன்னது சரி. எல்லாவற்றையும் உடனே கொன்றுவிடுங்கள். எலுமிச்சைச் சாற்றை ஊசியில் ஏற்றி, தண்ணீரை இழுத்துச் சுழற்றும் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சொட்டு விட்டால் போதும். சுரண்டி மட்டும் எடுக்காதீர்கள், களையில் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அதிலிருந்து முழுசாக இன்னொன்று முளைக்கும். கண்ணாடி மாதிரிப் பழுப்பு நிறம், நீளக் காம்பு, முடி போல நீண்ட கைகள், தொட்டால் சட்டென்று பொந்துக்குள் ஓடிவிடும். இதெல்லாம் அடையாளம். ஆனால் அடையாளம் பார்த்துக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். களையாகத்தான் இருக்கும்.

உங்கள் கண்ணுக்கு இது சிரமம். அவளைக் கொஞ்சம் உதவச் சொல்லுங்கள். என் பேரைச் சொல்லாமல் கேட்டால் செய்வாள்.

பணிவுடன்,
மாப்பிள்ளை

மே 25

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லையே என்று பதறியிருப்பீர்கள். இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை. எனக்கு மூட்டு வலியே மறந்துபோயிருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

எலுமிச்சம்பழம் பிழிந்தாயிற்று. என் பழைய பெட்டியிலிருந்து ஊசியைத் தேடி எடுத்தாயிற்று. மோட்டாரை நிறுத்தி, முதல் புள்ளிக்கு நேரே ஊசியும் போயாயிற்று. எங்கே வாய் இருக்கிறது என்று தெரிந்தால்தானே சொட்டு விட முடியும்? அதற்காக ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்ததில்தான் எல்லாம் தலைகீழாகிவிட்டது.

மாப்பிள்ளை, அது களை இல்லை.

நீங்கள் எழுதின அடையாளத்தில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. நீளக் காம்பு கிடையாது. குட்டையாக, தட்டையாக, சட்டைப் பொத்தான் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கைகள் முடி போல இல்லை, ஓரத்தைச் சுற்றிக் கட்டை கட்டையாகப் பன்னிரண்டு கைகள். நடுவில் வாயிலிருந்து விளிம்பு வரைக்கும் வெள்ளைக் கோடுகள். மகாராணிக்கு என்ன கோடோ அதே கோடு, அச்சு அசல்! தொட்டால் எங்கேயும் ஓடவில்லை. இருந்த இடத்திலேயே சுருண்டு உருண்டையாகி, கொஞ்ச நேரம் கழித்து, போய்விட்டார்களா என்று பார்க்கிற மாதிரி ஒரு கையை மட்டும் முதலில் நீட்டுகிறது.

இதற்குமேல் சாட்சி வேண்டுமா? அன்று சாயங்காலமே கிடைத்தது. மகாராணி திடீரென்று உப்பினாள். நடுவில் இருக்கும் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. உள்ளேயிருந்து கடுகளவு ஒன்று எட்டிப் பார்த்தது. அப்புறம் ஒரு பெருமூச்சு விடுகிற மாதிரி அதை வெளியே விட்டுவிட்டாள். கை, வாய், கோடு எல்லாம் முழுசாகச் செய்து முடித்த பிள்ளை. அது தண்ணீரில் மிதந்து இறங்கி, பாறையில் கால் பட்டதும் ஒட்டிக்கொண்டு, கைகளை விரித்தது. பின்னாலேயே இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று.

நான் குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள், எத்தனையோ பிரசவம் பார்த்தவள். வாய் வழியாகப் பிள்ளை பெறுகிறவளைப் பற்றிக் கேள்விப்பட்டதுகூட இல்லை. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வீட்டில் அன்றைக்கு யாரும் சமைக்கவில்லை.

இனி என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். கொல்கிற பேச்சே வேண்டாம்.

ஆசிகளுடன்,
அத்தை

ஜூன் 8

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் உடம்பு நலமா? எனக்கு இங்கே நிலைகொள்ளவில்லை. உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. சமையல்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர், "யோவ், கொல்லச் சொல்லி எழுதுனது நீயா?" என்று கேட்டார். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் தொட்டி வைத்திருக்கிறேன், மகாராணி எனக்கு ஒரு நாளும் இதைக் காட்டவில்லை. பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிட்டேன் அத்தை. நீங்கள் கேட்காமல் போனது என் அதிர்ஷ்டம்.

குஞ்சுகளுக்கு முதல் எதிரி மோட்டார். அதன் வாயில் மெல்லிய நைலான் துணியைக் கட்டுங்கள், இல்லையென்றால் இழுத்துவிடும். அலமாரியில் உப்பு இறால் முட்டைத்தூள் டப்பா இருக்கிறது. உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்றுக்குழாயைச் சொருகிவிட்டால் மறுநாள் பொரிந்துவிடும். மோட்டாரை நிறுத்திவிட்டு, பொரிந்த இறாலைச் சொட்டுக் குழாயால் ஒவ்வொரு சாமந்திக் குஞ்சுக்கும் மேலே விட வேண்டும்.

ஒரு சந்தேகம். கையளவு எழுத்தையே சிரமப்பட்டுப் படிக்கிறீர்கள். கடுகளவு குஞ்சுக்குப் பன்னிரண்டு கை என்று எப்படி எண்ணினீர்கள்?

இன்னொரு விஷயம். செப்டம்பரில் இந்த வேலை முடிகிறது. மேலும் ஒரு வருஷம் இருக்கிறாயா என்று கம்பெனி கேட்கிறது. ஜூலை முடிவில் வரும் அதிகாரியிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அவளிடம் நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லி, என்ன நினைக்கிறாள் என்று எழுதுங்கள்.

பணிவுடன்,
மாப்பிள்ளை

ஜூன் 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? நாங்கள் இருக்கிறோம்.

துணி கட்டுவதற்குள் மோட்டார் சிலதை இழுத்துவிட்டது. நிறுத்திப் பார்த்தபோது உள்ளே போனதில் ஒன்றும் மிஞ்சவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. மற்றவை நன்றாக இருக்கின்றன. சாப்பாட்டு நேரத்தில் வீடு என் வார்டு மாதிரியே ஆகிவிடுகிறது. அவசரப்பட்டு வாய் நிறைய ஊற்றக் கூடாது, ஒரு சொட்டு விட்டு, விழுங்கினதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சொட்டு. கண்ணுக்கே தெரியாத இறால் குஞ்சு மேலே பட்டதும் பன்னிரண்டு கையும் ஒன்றாக மடங்கி உள்ளே தள்ளுகிறதாம். சாப்பிட்டதும் வயிறு ஆரஞ்சு நிறமாகிவிடுகிறது. உடம்பு அவ்வளவு மெல்லிசு!

என் கண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். நர்ஸ் கண் அப்படித்தான்.

வேலை விஷயம். நான் சொல்ல மாட்டேன். கட்டினவளிடம் கேட்க வேண்டியதை அவளைப் பெற்றவளிடம் கேட்டு அனுப்புவதற்கு நான் என்ன தபால்காரியா? போன தடவையும் கேட்கவில்லை, இந்தத் தடவையும் ஆள் வைத்துக் கேட்கிறீர்கள். எனக்கே கோபம் வருகிறது. மாப்பிள்ளை என்று பார்க்கிறேன்.

ஆசிகளுடன்தான்,
அத்தை

ஜூலை 9

மரியாதைக்குரிய அத்தைக்கு,

நீங்கள் கோபித்தது சரிதான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவளிடம் நேரே கேட்க எனக்குப் பயம். "போங்க" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் என்னால் தாங்க முடியாது. கேட்காமல் இருந்தால் அந்த வார்த்தையைக் கேட்க வேண்டியதில்லை. ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, போனை எடுக்கவில்லை. நான் இல்லாததுதான் அவளுக்கு நிம்மதி போலிருக்கிறது. தொட்டி பக்கம்கூட வருவதில்லை என்றே நினைக்கிறேன். எனக்குச் சொந்தமான எதையும் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். குஞ்சுகளை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்ற தைரியம் இருக்கிறது.

பணிவுடன்,
மாப்பிள்ளை

ஜூலை 20

மாப்பிள்ளை, மாப்பிள்ளை!

முதலில் சுகம் விசாரித்துவிடுகிறேன், சுகம்தானே? ஆபரேஷன் முடிந்துவிட்டது! வலது கண். ஒரு வலியும் இல்லை. இதற்கா இத்தனை நாள் பயந்தேன் என்று எனக்கே சிரிப்பு வருகிறது. பாருங்கள், வரி எவ்வளவு நேராகப் போகிறது!

நேற்றுக் கட்டைப் பிரித்து வீட்டுக்கு அழைத்து வந்தாள். வந்ததும் என்னை நேரே தொட்டிக்கு முன்னால் உட்காரவைத்தாள். "கண்ணத் தெறக்காதம்மா, இரு" என்று சொல்லிவிட்டு, அறை விளக்கை அணைத்து, தொட்டியின் நீல விளக்கைப் போட்டாள். "இப்பத் தெற."

என்னவென்று சொல்வேன்! பாறை முழுக்கப் பச்சைப் பச்சையாக, சின்னச் சின்னதாக ஒளி. ஒவ்வொன்றும் ஒரு குஞ்சு. ஒவ்வொன்றும் தானாக மின்னுகிறது. நடுவில் மகாராணி அக்கினி மாதிரிச் சிவப்பாக விரிந்திருந்தாள். ஒரு குஞ்சு எனக்கு நேரே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கைகளை ஆட்டியது. இத்தனை நாள் காதால் கேட்டதையெல்லாம் முதல் தடவையாக நான் கண்ணால் பார்த்தேன். பன்னிரண்டு கை என்று சொன்னது நிஜம்தான் மாப்பிள்ளை, நானே எண்ணிவிட்டேன். இப்போது சிலதுக்கு அதைவிட அதிகமாகவே முளைத்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "மருந்து போட்ட கண்ணு, அழக் கூடாது" என்று அதட்டிக்கொண்டே என் மகளும் அழுதாள்.

உங்கள் கடிதமும் வந்தது. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், இப்போது மனசு நிறைந்திருக்கிறது. தபால் போகிற நேரமாகிவிட்டது.

ஆசிகள், ஆசிகள்,
அத்தை

ஜூலை 30

உனக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நலமாக இருக்கிறாயா? இதைக் கேட்கவே எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

அத்தையின் கடிதம் இன்று படகில் வந்தது. குஞ்சுகளை நேற்றுத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் மே மாதத்திலிருந்து பார்த்தது யார்? லென்ஸ் வைத்து எண்ணினது யார்? ஊசியைக் கீழே வைத்தது யார்? அது களையாகத்தான் இருக்கும் என்று எழுதினேன், பார்க்கவில்லை. நான் இல்லாதது உனக்கு நிம்மதி என்று அத்தைக்கு எழுதினேன். அதையும் பார்க்காமல்தான் எழுதினேன்.

அதிகாரி வந்திருக்கிறார். தாள் மேசையில் இருக்கிறது. "என் மனைவியிடம் கேட்க வேண்டும், அடுத்த படகு வரைக்கும் பொறுங்கள்" என்று சொன்னேன். கப்பலில் எல்லோரும் என்னைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அதனால் கேட்கிறேன். நீ என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்கிறேன். இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா, வேண்டாமா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
நான்

ஆகஸ்ட் 11

உங்களுக்கு,

நான் நலம். அம்மாவும் நலம், மூட்டு வலி உட்பட. நீங்கள் மெலிந்திருப்பீர்கள் என்று அம்மா சொல்கிறார், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

நான் பார்த்தேன் என்று எழுதக் கூடாது என அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். கண் தெரிந்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் உளறி, திரும்பப் படிக்காமலே ஒட்டி அனுப்பிவிட்டார். இப்போது திருதிருவென்று முழிக்கிறார்.

நடந்ததைச் சொல்கிறேன். அம்மா ஊசியை நீட்டி, "அதெல்லாம் களையாம், கொன்னுடணுமாம்" என்றபோது நான் மறு பேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டேன். உங்கள் தொட்டியில் எதையாவது கொல்லலாம் என்றால் எனக்கு அன்றைக்குக் கசக்கவில்லை. அவ்வளவு கோபம். லென்ஸைக் கண்ணில் வைத்து, ஊசி முனையை அதன் மேலே கொண்டுபோனேன். ஊசியின் நிழல் பட்டதும் அது கைகளை விரித்தது. சாப்பாடு வருகிறது என்று நினைத்துவிட்டது! உங்கள்மேல் இருக்கிற கோபத்தை அதன் வாயில் விட எனக்கு மனசு வரவில்லை.

அன்று சாயங்காலம் மகாராணி வாய் திறந்தபோது நான் மட்டும்தான் எதிரே உட்கார்ந்திருந்தேன். கடைக்குக்கூட லீவு சொல்லிவிட்டேன். எலும்பு இல்லை, மூளை இல்லை, கண் இல்லை என்று நீங்கள்தானே சொல்வீர்கள். அது தனக்குள்ளேயிருந்து இன்னொன்றை முழுசாக எடுத்துத் தண்ணீரில் விட்டது. பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன், காலியாக இருந்தது. இதைப் பார்க்க நீங்கள் இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் உங்கள்மேல் கோபமாக இருக்கிறேன் என்பதே ஞாபகம் வந்தது. போனை எடுத்து நம்பர்கூடப் போட்டேன். வீம்பு, வைத்துவிட்டேன்.

இன்றைக்கு உங்கள் கடிதம் வந்தது. கடைசி வரியை அம்மாவிடம் காட்டினேன். "அப்பாடா, கேட்டுட்டாரா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்து போட்ட கண்.

அம்மாவுக்கு இனி கண் நன்றாகத் தெரியும். குஞ்சுகளை அம்மா பார்த்துக்கொள்வார். அதனால் இதை நான் தொட்டிக்காக எழுதவில்லை.

போடாதீர்கள். வீட்டுக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி